தொண்ணூறு என்று சொன்னேன்

என்னுடைய நிறை 118 கிலோவாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு ஒன்பது மாதம் எடுத்தது. அந்த ஒன்பது மாதத்துக்குள் தொழில் தெரிந்த ஒரு தம்பியின் பெயரைத் தேத்தண்ணிக் கடையில் வைத்துக் கெடுத்தேன். என்னைப் பெற்றவளின் முதுகெலும்பில் ஒன்றை நசுக்கினேன். மோட்டார் சைக்கிளின் பின்பக்க அதிர்வைத் தாங்குகிற சொக்கில்தான் பிழை என்று ஊருக்குச் சொன்னேன். வினை வந்தது நான் சொன்ன ஓர் எண்ணால். அந்த எண் 90.

ஊர்ப் பெயரைச் சொல்லியே எழுதுகிறேன். முரசுமோட்டை. பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகிற ஏ-35 வீதியில் இருக்கிறது. வீதியின் இரண்டு பக்கமும் வயல். இரணைமடுத் தண்ணீரில் விளைகிறது. கனகராயன் ஆறு எங்கள் பக்கத்தால் இறங்கித்தான் சுண்டிக்குளக் கடல்நீரேரிக்குப் போகிறது. 2018 டிசம்பரில் இரணைமடுக் கதவுகளைத் திறந்தபோது எங்கள் பகுதியில் தண்ணீர் வீடுகளுக்குள் ஏறியது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு மாரிக்கும் ஒழுங்கைகள் அரிபட்டுக்கொண்டே இருக்கின்றன. பெரிய வீதி தார். வீட்டுக்கும் வயலுக்கும் திரும்புகிற பாதை எல்லாம் கிறவல், நடுநடுவே மதகு. மதகின் சீமெந்து அப்படியே நிற்கும். அதன் இரு பக்கத்து மண்ணை வெள்ளம் கொண்டுபோய்விடும். மழை விட்ட மறுநாள் ஒவ்வொரு மதகும் ஒரு படிக்கட்டு.

இந்தப் பாதையில் மோட்டார் சைக்கிள்தான் எங்களுக்கு எல்லாம். 50 கிலோ யூரியாப் பை அதில்தான் வரும். விதைநெல் அதில்தான் போகும். பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் அம்மா கிளினிக்குக்கும் அதில்தான். என்னுடையது 2012இல் வாங்கிய ஸ்பிளென்டர். நல்ல சாமான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஓட்டுகிறவரையும் சேர்த்து 130 கிலோ மட்டும் ஏற்றலாம் என்று அதன் கையேட்டில் இருக்கிறது. அந்தக் கையேடு பொலித்தீன் உறையோடு அலுமாரியில் கிடந்தது. வாங்கிய நாளில் இருந்து நான் அதைத் திறக்கவில்லை. வாங்கும்போது நான் 80 கிலோ இருந்திருப்பேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் நாடு இருந்த நிலையில் புதுசு வாங்குகிற கதைக்கே இடம் இல்லை. பழையதைப் பார்த்துப் பார்த்து ஓட வேண்டிய காலம். அந்தக் காலத்தில்தான் என் உடம்பும் ஏறியது.

அறிகுறிகள் எல்லாம் ஒழுங்காக வந்தன. நான் ஏறி இருந்தால் பின்பக்கம் பதிந்து முன்பக்கம் மூக்கைத் தூக்கும். இரவில் லைற் வெளிச்சம் றோட்டில் விழாமல் எதிரே வருகிறவர்களின் முகத்தில் விழுந்தது. கண்ணைப் பொத்திக்கொண்டு ஏசிவிட்டுப் போனார்கள். திருப்பத்தில் முன்சில்லு மண்ணைப் பிடிக்காமல் மிதப்பது போல இருக்கும். ஒரு நாள் பின்சில்லைக் கழற்றியபோது மட்காட்டின் உட்பக்கம் பார்த்தேன். ரயர் உரசி உரசி, பெயின்ற் போய், உள்ளங்கை அகலத்துக்குத் தகரம் பளபளத்தது. அதன் ஓரத்தில் கறுத்த றப்பர் தூள் மாப்போல ஒட்டியிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். சொக் முழுதாக அமுங்கி, இனி அமுங்க இடமில்லாமல், சில்லு மேலே வந்து மட்காட்டில் முட்டியிருக்கிறது. ஒரு தரம் இரண்டு தரம் அல்ல. சட்டையில் துடைத்துவிட்டு மூடினேன்.

பிறகு எல்லாரும் செய்கிறதை நானும் செய்தேன். சொக்கின் அடியில் படிபடியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். அதைத் திருப்பிக் கடைசிப் படியில் வைத்தேன். அப்படித் திருப்பினால் ஸ்பிரிங் பலக்கும் என்று எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் நம்புகிறார்கள். பலக்காது. ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்கும், அதனால் பின்பக்கம் கொஞ்சம் உயரும், அவ்வளவுதான். அதற்குமேல் ஒவ்வொரு மில்லிமீற்றர் அமுங்கவும் எவ்வளவு பாரம் வேண்டுமோ அது முன்பு இருந்ததேதான். அதுவும் போதாமல் ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு இடையில் றப்பர்த் துண்டு செருகினேன். கொஞ்ச நாள் இறுக்கமாக இருந்தது. பிறகு துண்டு நழுவி ஒரு பக்கச் சொக் ஒரு மாதிரி, மறுபக்கச் சொக் இன்னொரு மாதிரி வேலைசெய்யத் தொடங்கியது. றோட்டில் மோட்டார் சைக்கிள் நண்டு போலப் போனது.

2023 ஜூனில் அந்தத் தம்பியிடம் போனேன்.

பெயர் எழுதவில்லை, அவருக்கு என்னால் வந்தது போதும். தகரக் கொட்டில், ஒரு வாங்கு, சுவரில் அளவுவாரியாகத் தொங்கும் சாவிகள். அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, செயற்கைக்கால். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பின்பக்கத்தைக் கையால் அமுக்கி விட்டார். அது இரண்டு மூன்று தரம் துள்ளி நின்றது.

“ஒயிலும் களைச்சுப் போச்சண்ணை. ஸ்பிரிங் மட்டும் மாத்திச் சரிவராது. முழுச் சொக்காத்தான் பாக்க வேணும். உங்கட நிறைக்கு ஏத்ததா எடுப்பம். ஏறி இருங்கோ, ஒருக்கா அளப்பம்.”

அளவுநாடாவை எடுத்துவிட்டார். வாங்கில் நாலு பேர் இருந்தார்கள். இரண்டு பேர் எங்கள் கமக்காரர் அமைப்பின் ஆட்கள். நான் அதன் செயலாளர். நான் ஏறி இருந்தால் பின்பக்கம் எவ்வளவு பதியும் என்று எனக்குத் தெரியும். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க அவர் அதை நாடா வைத்துச் சத்தமாக வாசிப்பார்.

“நேரமில்லைத் தம்பி. கூட்டம் ஒண்டு இருக்கு. நீங்கள் சும்மா போடுங்கோ.”

“அப்ப எத்தினை கிலோ எண்டு சொல்லுங்கோ.”

“தொண்ணூறு.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு சட்டைப்பையில் இருந்த பேனையை எடுத்து ஒரு ஒற்றைறூள் கொப்பியில் மோட்டார் சைக்கிள் இலக்கத்தை எழுதி, பக்கத்தில் 90 என்று எழுதினார். கூட்டம் ஒன்றும் இருக்கவில்லை. நான் வீட்டுக்குப் போனேன்.

எதற்காக இந்தப் பொய் என்று பிறகு எத்தனையோ இரவு யோசித்திருக்கிறேன். தெரிந்ததை எழுதுகிறேன். சாட்டாக எழுதவில்லை.

2009 ஜனவரியில் சண்டையால் இடம்பெயர்ந்து இதே ஏ-35 வீதியால்தான் கிழக்கே போனோம். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால். மே மாதம் வெளியே வந்து, செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமில் என்னை நிறுத்துப் பார்த்தார்கள். 46 கிலோ. எனக்கு அப்போது வயது 24. கடைசி மாதங்களில் கஞ்சிதான் சாப்பாடு. அம்மா தன் பங்கை வாயில் தொட்டுவிட்டு மிச்சத்தை என் கோப்பையில் ஊற்றுவார். நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே குடித்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னிடம் பலம் இல்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு அம்மாவுக்கு என் சாப்பாடுதான் வேலை. இரண்டாம் தரம் சோறு போட்டால்தான் அவருக்கு நித்திரை வரும். வருகிறவர்களிடம், “பிள்ளை தேறிட்டான்” என்பார். என் கன்னத்தில் சதை வைத்ததை ஒரு பெறுபேறு போலச் சொல்வார். எனக்கோ உடம்பு ஏற ஏறக் கூச்சம். அந்த வீதியால் போய்த் திரும்பி வராதவர்கள் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்களின் படத்துக்கு முன்னால் நான் இந்த உடம்போடு போய் நிற்கும்போது, இவன் எல்லாவற்றையும் மறந்துவிட்டான் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள் என்று பயந்தேன். எவரும் அப்படிச் சொன்னதில்லை. நானே நினைத்து, நானே பயந்து, என் நிறையை ஒரு குற்றம் போல ஒளித்தேன். தராசைக் கண்டால் விலகிப் போனேன்.

விலகிப் போன தராசு எது என்பதையும் எழுத வேண்டும். ஒவ்வொரு காலபோக அறுவடைக்கும் நெல் வாங்க வருகிறவர்களோடு நிறைக்காகச் சண்டை பிடிக்கிறவன் நான்தான். மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு என்பார்கள். ஈரம் என்பார்கள், சாக்கு என்பார்கள். “நிறுத்ததை நிறுத்தபடி எழுது” என்று நான் கத்துவேன். தராசில் அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் முத்திரை இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். 28 கிலோவைக் கழித்துச் சொன்னவனும் அதே ஆள்தான்.

இரண்டு கிழமையில் சொக் வந்தது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் எடுத்து பஸ்ஸில் போட்டுவிட்டிருந்தார்கள். தம்பி பூட்டித் தந்தார். முதல் கிழமை சொர்க்கம் போல இருந்தது. பழையதோடு பார்த்தால் எதுவும் நன்றாகத்தான் இருக்கும். ஒரு மாதத்தில், ஒரு யூரியாப் பையோடு வரும்போது, மதகில் அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. “டொக்”. வயிற்றுக்குள் கேட்கிற சத்தம் அது.

நான் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. படிப்பு சண்டையோடு நின்றது. ஆனால் பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் ஸ்பிரிங்கைத் தொங்கவிட்டு, தட்டில் 50 கிராம் 50 கிராமாக நிறை போட்டு, நீட்சியை அளந்து வரைபு கீறியிருக்கிறேன். நேர்கோடு வரும். றொபேட் ஹூக் 1678இல் அச்சில் போட்ட விதி: பாரம் கூடுகிற விகிதத்தில் நீட்சியும் கூடும். ஸ்பிரிங்குக்குக் காது இல்லை. நான் கடையில் சொன்ன 90 அதற்குத் தெரியாது. ஏறி இருந்த 118க்கு எவ்வளவு அமுங்க வேண்டுமோ அவ்வளவு அமுங்கியது.

ஓகஸ்டில், சிறுபோக நெல் ஏற்றிய நாள் இரவு, மின்தராசு எங்கள் மாலில் இருந்தது. மறுநாள் காலையில்தான் எடுப்பார்கள். எல்லாரும் படுத்த பிறகு நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். தட்டில் நெல்மணிகள் சிந்திக் கிடந்தன, உள்ளங்காலில் குத்தின. சிவப்பு எழுத்து ஓடி ஓடி நின்றது: 118.4. இறங்கி, நெல்லைக் கூட்டித் தள்ளிவிட்டு, மறுபடி ஏறினேன். 118.4. மூன்றாம் தரம் சட்டையைக் கழற்றிவிட்டு ஏறினேன். கடைசி எண் மட்டும் கொஞ்சம் ஆடியது.

ஆகவே ஓகஸ்டில் எனக்குத் தெரியும். நான் ஒப்புக்கொள்ள வேண்டியதில் நடு இதுதான். தெரியாமல் செய்த பிழை என்று நான் எங்கேயும் சொல்ல முடியாது. மறுநாள் காலை கொட்டிலுக்குப் போய், “தம்பி, நான் பிழையாச் சொல்லிப்போட்டன்” என்றால் முடிந்திருக்கும். போகவில்லை. மாறாக, அந்தக் கிழமையே தேத்தண்ணிக் கடையில், “அவன் பூட்டின சொக் ஒரு மாதம் நிண்டு பிடிக்கேல்லை, காசை வாங்கிக்கொண்டு கழிவுச் சாமான் போடுறான்” என்றேன். ஒருவர் கேட்டார், நான் சொன்னேன் என்றுகூட இல்லை. கேட்காமலே சொன்னேன். கமக்காரர் அமைப்பின் செயலாளர் சொன்னால் சனம் நம்பும். பிறகு அந்த வாங்கில் ஆட்கள் குறைந்ததை வீதியால் போகும்போது பார்த்தேன். அப்போதும் நிற்கவில்லை.

நவம்பரில் மாரி பிடித்தது. அம்மாவுக்கு மாதம் ஒரு தரம் கிளினிக்; பிறஷருக்கும் சீனிக்கும். மனிசி முதல்நாள் இரவே சொன்னாள்: “மதகடி அரிச்சுக் கிடக்குதப்பா. மாமியை ஓட்டோவில கூட்டிக்கொண்டு போங்கோ.” ஓட்டோவுக்குக் காசு இல்லாமல் இல்லை. ஓட்டோ பிடித்தால் மோட்டார் சைக்கிளுக்கு என்ன என்று கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும்.

அம்மா சீலையோடு ஒரு பக்கமாக இருப்பார். ஒரு கை என் தோளில், மறு கையில் கிளினிக் கொப்பி போட்ட பை. 47 கிலோ. பின்னால் ஏறுகிறவரின் பாரம் ஏறக்குறைய முழுவதும் பின்சில்லில்தான் விழும். நாங்கள் இருவரும் ஏறினால் 165 கிலோ. கையேட்டின் கணக்குக்கு 35 கிலோ மேலே.

மெதுவாகத்தான் போனேன். அதிலே எனக்கு ஆறுதல் தேட ஒன்றும் இல்லை. மெதுவாகப் போனாலும் படியில் இருந்து விழுந்தால் விழுந்ததுதான். முன்சில்லு மதகில் ஏறி இறங்கியது. பின்சில்லு இறங்கும்போது அந்த “டொக்”. ஸ்பிரிங் அமுங்கி, அமுங்க இடம் முடிந்து, இரும்பில் இரும்பு அடித்தது. அந்த அடி சீற்றுக்கு வந்து, சீற்றில் இருந்தவருக்குப் போனது. என் தோளில் இருந்த விரல்கள் ஒருதரம் இறுகின. “அம்மாளே” என்றார். சத்தமாக அல்ல. நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். முகம் வெளிறி, வேர்த்திருந்தது. “ஒண்டும் இல்லை, போ தம்பி, நம்பர் போயிரும்” என்றார்.

கிளினிக்கில் கதிரையில் இருக்க முடியவில்லை. படம் எடுத்தார்கள். முதுகின் கீழ்ப்பகுதியில் ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருக்கிறது என்றார் டொக்டர். வயது போன பெண்களுக்கு எலும்பு ஐதாகி இருக்கும், நின்ற நிலையில் இருந்து விழுந்தாலே இப்படி வரலாம் என்று விளங்கப்படுத்திவிட்டு, “எப்பிடி நடந்தது? விழுந்தவவா?” என்று கேட்டார்.

“ஓம் டொக்டர். கிணத்தடியில வழுக்கி விழுந்தவ.”

அம்மா பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தார். காது நன்றாகக் கேட்கும் அவருக்கு. என்னைப் பார்த்தார். பிறகு டொக்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அன்றில் இருந்து யார் வந்து கேட்டாலும், “கிணத்தடியில வழுக்கிப் போட்டன்” என்றே சொல்லிவருகிறார். எங்கள் வீட்டுக் கிணற்றைச் சுற்றிச் சீமெந்து போட்டு, பாசி பிடிக்காமல் கிழமைக்கு ஒரு தரம் உரஞ்சுகிறவர் அவர்தான். அந்தக் கிணற்றையும் என்னால் பொய்யாக்கினார்.

இடுப்புக்குப் பட்டி போட்டு மூன்று மாதம் கிடந்தார். கிடக்கும்போதும், “தம்பிக்குச் சோறு போட்டாச்சோ?” என்று மனிசியைக் கேட்பது எனக்குக் கேட்கும்.

2024 மார்ச்சில்தான் கொட்டிலுக்குப் போனேன். போகிற வழி முழுக்கச் சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அங்கே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. “தம்பி, நான் 118 கிலோ” என்று மட்டும் வந்தது. பிறகு கடையில் கதைத்ததைச் சொன்னேன். அம்மாவைச் சொன்னேன்.

அவர் உடனே ஒன்றும் பேசவில்லை. கையில் இருந்த கொம்பிரெசர் குழாயை வைத்துவிட்டு, தூசு படிந்த அந்தக் கொப்பியை எடுத்துப் பக்கம் புரட்டினார்.

“நீங்கள் தொண்ணூறு எண்டு சொல்லேக்கயே தெரியுமண்ணை. நான் நூறு எண்டு வைச்சுத்தான் எடுத்தனான். நூற்றுப் பதினெட்டு எண்டு நினைக்கேல்லை.” 90ஐக் கோடு போட்டு வெட்டி, மேலே 118 என்று எழுதினார். எழுதிக்கொண்டே சொன்னார்: “எனக்கு யாழ்ப்பாணத்தில ஜெய்ப்பூர்க் கால் போட்டவை. அங்க போனா முதல்ல தராசில ஏத்துவினம். ஒரு முறை நான் கூடியிருக்கிறன் எண்டு கூச்சத்தில குறைச்சுச் சொன்னனான். அந்தக் கால் ஒத்துவரேல்லை. விழுந்தது நான். உங்கட விசயத்தில விழுந்தது அம்மா.”

அவர் என்னை ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

கடையில் நான் கதைத்ததற்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “சொன்ன இடத்திலயே சொல்லிவிடுங்கோ.”

பிறகு அளந்தார். இந்த முறை வாங்கில் ஆட்கள் இருந்தார்கள். நான் ஏறி இருந்தேன். சில்லைத் தூக்கி வைத்து அச்சில் இருந்து சீற்றுக்குக் கீழே ஒரு பொட்டு வரை ஓர் அளவு. மோட்டார் சைக்கிள் தன் பாரத்தில் நிற்க ஓர் அளவு. நான் ஏறி இருக்க ஓர் அளவு. முன் போர்க்கின் குழாயில் ஒரு கேபிள் ரையைச் சுற்றிக் கீழே தள்ளிவிட்டு, நான் ஏறி இறங்கிய பிறகு அது எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது என்று பார்த்தார். ஆள் இருந்ததும் மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒன்று மட்டில் போனால் சரி. மிச்சம் குழிக்கும் மதகுக்கும் வேண்டும். எனக்குப் பாதிக்கு மேல் போயிருந்தது. அம்மா அளவு பாரத்துக்கு ஒரு சீமெந்துப் பையைப் பின்னால் கட்டி அளந்தார். ஒரு விரற்கடை மிச்சம். அந்த ஒரு விரற்கடையோடுதான் நவம்பரில் அம்மாவை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

புதுச் சொக் வந்த அன்று இரண்டு ஸ்பிரிங்கையும் வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேணியரைப் பிடித்துக் காட்டினார். பழைய கம்பி 7 மில்லிமீற்றர். புதிய கம்பி 7.5. கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. விரலால் உருட்டினால் லேசாகத் தெரியும். சுற்றின் அகலமும் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால் ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிப்பின் நான்காம் அடுக்கில் ஏறும். அரை மில்லிமீற்றர் தடித்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். 90இல் இருந்து 118க்கும் கிட்டத்தட்ட அதே மூன்றில் ஒரு பங்குதான். நான் ஒளித்த 28 கிலோவை அந்தக் கம்பியில் தொட்டுப் பார்த்தேன்.

விறைப்பான ஸ்பிரிங் மட்டும் போட்டு ஒயில் பக்கத்தை விட்டால், அமுங்கிய ஸ்பிரிங் திரும்பும்போது ஆளைத் தூக்கி எறியும். சொக்கின் உள்ளே சின்னத் துவாரத்தால் ஒயில் நெருக்குப்பட்டுப் போவதுதான் அந்தத் திரும்புதலைப் பிடித்து வைக்கிறது. ஆகவே புதிதாகப் போட்டது அதற்கு ஏற்ற ஒயில் இறுக்கம் உள்ள முழுச் சொக். முன் போர்க்கில் ஸ்பிரிங்கின் மேலே ஒரு சின்னக் குழாய்த் துண்டு வைத்து, கொஞ்சம் தடித்த ஒயில் விட்டார். அளவுக்கு மேலே ஒயில் விட்டால் சீல் தள்ளிவிடும் என்று அளந்து அளந்து விட்டார். ஸ்பிரிங்கை வெட்டிக் கட்டையாக்கித் தரச் சொல்லி வருகிறவர்களை அவர் திருப்பி அனுப்புவதை அன்று பார்த்தேன். வெட்டினால் விறைக்கும், ஓட்டமும் குறையும், வெட்டிய நுனியும் சரியாக உட்காராது.

ரயரின் பக்கத்தில் இருந்த எழுத்தையும் காட்டினார். 48பி. அந்த 48க்கு அர்த்தம் 180 கிலோ. அதற்குமேல் அந்த ரயரில் பாரம் வரக்கூடாது. மோட்டார் சைக்கிளின் பின்பாதி, என் உடம்பில் பெரும் பங்கு, அம்மா எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் நவம்பரில் அந்த எல்லையிலேயே ஓடியிருக்கிறேன்.

“இனி மோட்டச்சைக்கிள் உங்களைத் தாங்குமண்ணை. உங்களோட இன்னொராள் ஏறினா எந்தச் சொக் போட்டாலும் கணக்குக்கு மேலதான். பிறேக்கும் சட்டமும் அதேதானே.”

ஆகவே தனியாகத்தான் ஓடுகிறேன். லைற் றோட்டில் விழுகிறது. மட்காட்டின் உட்பக்கத்துக்குக் கறுப்புப் பெயின்ற் அடித்து, மாதம் ஒரு தரம் கழற்றிப் பார்க்கிறேன். பெயின்ற் அப்படியே இருக்கிறது. நிறையும் 111க்கு வந்திருக்கிறது. அது வேறு கதை, இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

தேத்தண்ணிக் கடையில் சொன்னேன். ஓகஸ்டில் இருந்த அதே நேரத்துக்குப் போய், இருந்தவர்கள் எல்லாரும் கேட்க, என் நிறையையும் சொல்லி, அந்தத் தம்பியில் பிழை இல்லை என்றும் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு வயது போன ஐயா மட்டும், “அப்ப ஏன்ராப்பா அப்பிடிச் சொன்னனீ?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. ஒரு கெட்ட கதை போகிற வேகத்தில் அதைத் திருத்துகிற கதை போவதில்லை. வாங்கில் ஆட்கள் மெல்ல மெல்லத்தான் திரும்பி வருகிறார்கள். பழைய அளவுக்கு இன்னும் இல்லை.

அம்மா இப்போது எழும்பி நடக்கிறார். கொஞ்சம் கூனிவிட்டார், முன்பு கைக்கு எட்டிய கொடிக்கம்பி இப்போது எட்டாது, நான் தாழ்த்திக் கட்டியிருக்கிறேன். கிளினிக்குக்கு ஓட்டோவில் போகிறார். ஓட்டோக்காரரிடமும் கிணற்றடிக் கதைதான் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் என்னிடம் தனியாக, “அண்டைக்கு நான் கம்பியைப் பிடிச்சிருக்க வேணும் தம்பி. கையில பை இருந்திட்டுது. என்ரை பிழைதான்” என்றார்.

மதகில் அடித்தது அவருக்குத் தெரியும். தராசில் ஏறி மூன்று மாதம் நான் பேசாமல் இருந்தது அவருக்குத் தெரியாது. இதை எழுதத் தொடங்கியதே அதற்காகத்தான். நேரில் இருந்து வாய் திறந்தால் அவர் என்னைச் சொல்ல விடமாட்டார். சாப்பிட்டாயா என்று கதையை மாற்றிவிடுவார். எழுதி வைத்தால் கடைசி வரை போகலாம் என்று நினைத்தேன். அவருக்கு இப்போது எழுத்துப் பார்க்கக் கண் போதாது. பின்னேரங்களில் விறாந்தையில் பாய் போட்டுப் படுத்திருக்கும்போது நான்தான் பேப்பர் வாசித்துக் காட்டுவேன்.

இன்றைக்கும் பாய் போட்டாயிற்று.